பழைய எண் 14, புதிய எண் 41

மெல்ல பாய், மெல்ல. அந்தப் பலகைய மிதிக்காதீய. தரைன்னு நெனைச்சிட்டியளா? வாரவுக எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாவ. அடியில ரெண்டடிக்குப் பள்ளம், பூரா வயரு. எது எங்கேருந்து எங்க போவுதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். இருபத்திரெண்டு வருசம் பாய். என் மூத்த மவ பொறக்கதுக்கு மூணு மாசம் முன்னால இந்த ரூம்ல மொத வயரு இழுத்தேன். இப்பம் அவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்.

இங்கன உக்காருங்க. கேட் பாஸ் வர ஒரு மணி நேரம் ஆவும், ஜி.எம். இன்னும் வரல. கசகசன்னு இருக்கா? ஏசிய அத்துட்டாவ. முன்னால இதே ரூம்ல மே மாசத்துலயும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் இருப்பேன். தூத்துக்குடியில ஸ்வெட்டர் வாங்குன ஒரே ஆளு நீங்கதான்னு என் வீட்டுக்காரி ஜெபமணி சொல்லுவா.

அந்த நாலு இரும்பு அலமாரியும் உங்களுக்குத்தான். பேட்டரியும் உங்களுக்குத்தான். உங்க மார்க்கரால ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டுக்கிடுங்க, பெறவு கேட்டுல தகராறு வரக்கூடாது. அந்தா மூலையில கெடக்கு பாருங்க மேஜை, அதையும் தூக்கிக்கிடுங்க. டிராயர் பூட்டிக் கெடக்கு. சாவிய அவ கொண்டு போய்ட்டா. நீங்க உடைச்சே எடுத்துக்கிடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது.

எவளா? யாமினி பாய். அவள இந்த ரூமை விட்டு நான் எப்படிக் கெளப்புனேன்னு கேட்டியள்னா இந்த ஒரு மணி நேரம் போறதே தெரியாது. முழுசா நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்லலாம். நீங்க இரும்ப ஏத்திக்கிட்டுக் காயல்பட்டினம் போயிருவிய.

எங்க கம்பெனி சோலி தெரியும்லா? இறால். மண்டபத்துலேருந்து குளச்சல் வரைக்கும் பதினோரு குளிர் கிட்டங்கி. இறால உரிச்சு, உறைய வச்சு, கப்பல்ல ஏத்தணும். ஒவ்வொரு கிட்டங்கியிலயும் குளிரு எவ்வளவுன்னு பாக்கதுக்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது நிமிசத்துக்கு ஒருக்க இந்த ரூமுக்குச் சேதி அனுப்பும். மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். குளிரு கொறைஞ்சா இங்கேருந்து அந்தக் கிட்டங்கி ஆப்பரேட்டருக்குத் தானா போன் அடிக்கும். பூரா நான் கோத்தது. ஒரு தடவ கூட அடிக்காம இருந்ததில்ல. சுனாமி வந்தன்னைக்கும் அடிச்சுது.

நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுக்கு மேலிடத்துல கிளவுடு ஆசை வந்துட்டுது. கிளவுடுன்னா மேகம்னு நெனைக்காதீய. அதுவும் இதே மாதிரி ரூம்தான், கொஞ்சம் பெருசு. வாடகைக்கு எடம் தருவான். ஒண்ணு பம்பாயில, ஒண்ணு ஹைதராபாத்துல. பம்பாய் படுத்துட்டா ஹைதராபாத் எந்திச்சு நிக்கும். நம்ம ரூமையும் அந்த ரெண்டு ஊரையும் தனி லைன் இழுத்து ஒண்ணாக் கோக்கணும், அதான் திட்டம். அதுக்கு நான் இல்லையா? இருக்கேன். ஆனா இந்த லைனுக்கெல்லாம் பிளான் போட ஒரு ஆர்க்கிடெக்ட் வேணும்னாவ. புனாவுலேருந்து வந்து எறங்குனா.

முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தமிழ்ப் பிள்ளைதான். அப்பா ரயில்வே, அங்கயே பொறந்து வளந்தவ. பேச்சு ஒரு மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் வரும். படிக்க வராது. போர்டப் பாத்தா ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி வாசிப்பா. வாசிச்சு முடிச்சுட்டு நம்ம மூஞ்சியப் பாப்பா, சரிதானான்னு. நான் எந்தப் பக்கமும் தலைய ஆட்ட மாட்டேன்.

இப்பம் என் பேருக்கு வருதேன். என் பேரு மரியசூசை. இந்தக் கடக்கரையில கூப்பிட்டியள்னா பத்துப் பேரு திரும்பிப் பாப்பான். எல்லாரும் என்ன 'சூசை அண்ணாச்சி'ம்பாவ. ஜி.எம். ஞானதிரவியம், அவியளே 'சூசை'ம்பாவ. இவ எங்க வெட்டுனா தெரியுமா? நடுவுல வெட்டி மொதப் பாதிய எடுத்துக்கிட்டா. மரியா! "குட் மார்னிங், மரியா சார்." "மரியா சார், சாப்பிட்டீங்களா?" மரியா பொம்பளைப் பேருலா பாய்? எங்க பெரியம்மா பேரு மரியா.

மொத நாளே சொல்லியிருக்கலாம்லான்னு கேப்பிய. ஜெபமணியும் அதத்தான் கேட்டா. நான் எதுக்குச் சொல்லணும்? அம்புட்டுப் படிச்சவளுக்கு ஒரு ஆளோட பேரு என்னன்னு விசாரிக்கத் தெரியாதா?

சரி, அதைக்கூட விட்டுருவேன். மீட்டிங்ல நடந்ததுதான் என்னால தாங்க முடியல. மேல பெரிய ஹால், எல்லா டிப்பார்ட்மெண்டும் இருக்கு. ஜி.எம். சொல்லுதாவ, இந்த ரூம் என்னத்துக்கு, பூராத்தையும் கிளவுடுக்குக் கொண்டு போயிருவோம், கீழ இருக்கதைப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்னு. ஆமா, உங்களுக்குத்தான். இவ எந்திச்சா. அரை மணி நேரம் பேசுனா. லைன் அறுந்தா கிட்டங்கிக்கு யாரு போன் அடிப்பா, ரூம் இங்கயே இருக்கணும், அது இது. ரூமுக்கு ஒரு பேரும் வச்சா, 'லெகசி'ன்னு. எம் மவகிட்டக் கேட்டேன். பழசுன்னும் சொல்லலாம், முன்னோர் சொத்துன்னும் சொல்லலாம்னா. இவ எதை நெனைச்சுச் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாதா? முடிக்கையில சொல்லுதா: "இந்த ரூம் இல்லாம நடக்காது சார். முக்கியமா, மரியா இல்லாம எதுவும் நடக்காது."

ஹால் குலுங்கிட்டு பாய். சிரிப்புன்னா சிரிப்பு, கண்ணுல தண்ணி வர வர. பர்ச்சேஸ்ல இருக்க சுடலைமுத்து மேஜையத் தட்டித் தட்டிச் சிரிக்கான். ஜி.எம். வாயில கைக்குட்டைய வச்சுக்கிட்டாவ. அவ ஒண்ணும் புரியாத மாதிரி எல்லாரையும் பாக்கா. வெளிய வந்தா சுடலைமுத்து கேக்கான், "என்ன மரியாக்கா, மேடம் உங்கள இப்பிடிப் புகழுதாவ?" அன்னைக்குப் பிடிச்சது. கேண்டீன்ல மரியாக்கா, கேட்டுல மரியாக்கா. இருபத்திரெண்டு வருசமா அண்ணாச்சியா இருந்தவன் ஒரே நாள்ல அக்கா ஆயிட்டேன்.

அன்னைக்கு இந்த நாக்காலியில உக்காந்து நெனைச்சேன். இவள அதே ஹால்ல, அதே ஆளுக முன்னால, தலை குனிய வைக்காம விட மாட்டேன். மாதா மேல ஆணையா நெனைச்சேன். தப்புதான். மாதாவ இதுல இழுத்திருக்கக் கூடாது.

பெறவு ஜூலைக் கடைசியில என்ன ஆச்சோ, மரியான்னு கூப்பிடதையும் நிப்பாட்டிட்டா. வெறும் 'சார்'. பாத்தியளா திமிர? பேரே சொல்ல மாட்டேன்னுட்டா.

நான் வழிய எப்படிப் பிடிச்சேன்னு சொல்லுதேன், கேளுங்க. இந்த மெசினுக்கெல்லாம் நம்பரு உண்டு பாய், வீட்டு நம்பரு மாதிரி. ஒவ்வொரு கிட்டங்கியும் ஒரு தெரு, தெருவுக்கு ஒரு நம்பரு. ரூமை பம்பாயோடயும் ஹைதராபாத்தோடயும் கோக்கதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு பாக்கணும். இங்க இருக்க நம்பரு அங்க இருக்கக் கூடாது. ரெண்டு ஊருல ஒரே தெரு நம்பரு இருந்தா தபால்காரன் எங்க போவான்? பெரிய ஊருக்குத்தான் போவான். சின்னத் தெருவுக்காரன் கடுதாசி வரும் வரும்னு வாசல்ல நிக்க வேண்டியதுதான்.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல நான் எல்லாக் கிட்டங்கிக்கும் நம்பரு மாத்துனேன். வீட்டு வாசல்ல தகடு அடிச்சிருப்பாவள்லா, ப.எண் இவ்வளவு, பு.எண் இவ்வளவுன்னு? பழைய எண், புதிய எண். அதே மாதிரி நோட்டுல கோடு போட்டு எழுதி வச்சேன். எடது பக்கம் ப.எ., வலது பக்கம் பு.எ. பக்கத்துக்கு ஒரு கிட்டங்கி. தமிழ்லதான் எழுதுனேன், எனக்கு எழுதுனதுதானே. அதுல திரேஸ்புரம் கிட்டங்கிப் பக்கம் மட்டும் அவசரத்துல மாறிப் போச்சு. பு.எ. எடது பக்கம் வந்துட்டு, ப.எ. வலது பக்கம் போயிட்டு. எனக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியணும்? போதாக்கொறைக்கு அதுல டீ சிந்தி, வலது பக்கத்து எழுத்து பூரா கரைஞ்சு, எடது பக்கத்துப் 'பு'வோட வாலும் அழிஞ்சு, பாத்தா 'ப' மாதிரியே இருக்கும். திரேஸ்புரத்துக்கு அசல்ல பழைய எண் பதினாலு, புதிய எண் நாப்பத்தொண்ணு. இன்னைக்கு ஓடுதது நாப்பத்தொண்ணு.

அவ லிஸ்ட் கேட்டா. எக்செல்ல இருக்கான்னு கேட்டா. நோட்டுலதான் இருக்குன்னு தூக்கிக் குடுத்தேன். தொறந்து பாத்துட்டு, மூஞ்சி செத்துப் போயிரும்னு பாத்தேன். "தமிழ்லயா? நல்லது சார், எனக்கும் படிச்சு பழகணும்"ங்கா. மூணு நாளு அந்த மூலை மேஜையில உக்காந்து விரல வச்சு வச்சு வாசிச்சா. 'கு-ள-ச்-ச-ல்'. எனக்குச் சிரிப்பாணி தாங்கல.

நாலாவது நாளு நோட்டத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தா. திரேஸ்புரம் பக்கம். "சார், எல்லா பக்கத்துலயும் லெஃப்ட்ல ப இருக்கு. இதுலயும் ப மாதிரிதான் தெரியுது. ஆனா கீழ லேசா ஒரு கோடு தெரியற மாதிரி இருக்கு. இது ப-வா, பு-வா?"

கெட்டிக்காரி பாய், அத இல்லைங்க மாட்டேன். கண்ணு வச்சு அந்த அழிஞ்ச வாலக் கண்டுபிடிச்சுட்டாளே. நான் வாயத் தொறந்து ஒரு எழுத்து சொன்னாப் போதும். பு. அவ்வளவுதான். சொல்லல. "எழுதியிருக்கதப் படிங்க மேடம்"னேன். அவ மறுபடியும் குனிஞ்சு பாத்தா. "அப்ப ப-தான்," அப்படின்னா. என் மூஞ்சியப் பாத்தா. நான் தலைய ஆட்டல. ஆமான்னும் ஆட்டல, இல்லைன்னும் ஆட்டல. பொய் சொன்னேன்னு நீங்க சொல்ல முடியாது.

ஆக, அவ கணக்குல நாப்பத்தொண்ணு பழைய நம்பரு, சும்மா கெடக்கு. தூக்கி ஹைதராபாத்துக்கு வச்சுட்டா.

அதோட விட்டாளா? எல்லாத்தையும் ஒரு தாள்ல அடிச்சு எடுத்துக்கிட்டு வந்தா. திரேஸ்புரம், பழையது நாப்பத்தொண்ணு, புதியது பதினாலு. "சார், நீங்க ஒரு தடவை பாத்து கையெழுத்து போட்டுடுங்க. நீங்க சொன்னா போதும், நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்." பாத்தேன். தப்பு பளிச்சுன்னு தெரியுது. சரி பார்த்தேன், மரியசூசைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். முழுப் பேரு எழுதுனேன், ஒரு தடவையாவது வாசிக்கட்டும்னு.

லைன் கோக்க நாளு குறிச்சா பாருங்க, ஆகஸ்ட் அஞ்சு. பனிமய மாதா திருவிழா. ஊரு பூரா லீவு, கிட்டங்கியில வேலை இருக்காது, அன்னைக்குச் செஞ்சா யாருக்கும் எடைஞ்சல் இல்லைங்கா. என்கிட்டக் கேட்டா. "உங்க ஃபெஸ்டிவல் ஆச்சே, உங்களுக்கு ஓகேவா, இல்லன்னா வேற நாள் பாக்கலாம்"னு கேட்டாதான். நான் சரின்னேன். ஆனா ஒரு கத்தோலிக்கன்கிட்ட அப்படி ஒரு கேள்வி கேக்கலாமா? ஜெபமணி பிள்ளைகளோட கோயில்ல நிக்கா, நான் இந்தக் குளிருக்குள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருக்கேன்.

அன்னைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லைனத் தொறந்தா. பம்பாய் பச்சை. ஹைதராபாத் பச்சை. கையத் தட்டிக் குதிச்சா. எனக்குன்னு ஒரு பொட்டி மக்ரூன் வாங்கி வச்சிருந்தா, மொத மக்ரூனை எனக்குத்தான் நீட்டுனா. நல்ல மக்ரூன். அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

திங்கும்போதே நான் ஸ்க்ரீனப் பாக்கேன். பத்துக் கிட்டங்கியும் ஆடிக்கிட்டே இருக்கு, பதினெட்டு புள்ளி ஒண்ணு, பதினேழு புள்ளி ஒம்பது. திரேஸ்புரம் மட்டும் பதினெட்டுலயே நிக்கு. நம்ம பழைய சாப்ட்வேர் பாய், சேதி வரலைன்னா கடைசியா வந்த நம்பரையே காட்டிக்கிட்டு இருக்கும். தெரியாதவுகளுக்கு நல்லா இருக்க மாதிரிதான் தோணும். அந்தக் கிட்டங்கிச் சேதி பூரா ஹைதராபாத்துக்குப் போவுது, அங்க திரேஸ்புரம்னா எவனுக்குத் தெரியும்? எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளிர்ச்சி. ஏசி குளிர்ச்சி இல்ல.

என் திட்டம் என்னன்னா, திங்கக்கிழமை பத்து மணி மீட்டிங். அதே ஹால். அவ எந்திச்சு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லுவா. நான் எந்திப்பேன். "திரேஸ்புரம் ரெண்டு நாளாச் செத்துக் கெடக்கு மேடம். ப-வுக்கும் பு-வுக்கும் வித்தியாசம் தெரியாதவுக கையில கம்பெனியக் குடுத்தா இப்படித்தான்." அவ்வளவுதான் பாய். ஒரு வரி. ஞாயித்துக்கிழமை காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடி முன்னால நாலு தடவை சொல்லிப் பாத்தேன். நாலாவது தடவை நல்லா வந்துது. ஜெபமணி, யாருகிட்டப் பேசுதியன்னு கேட்டா.

யாருக்கும் எந்தக் கெடுதலும் நெனைக்கல. ரெண்டு நாளு. ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போவுது? அந்தக் கிட்டங்கி கம்ப்ரசர் ஆறு வருசமா நின்னதே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு நின்னுட்டு.

அதுக்கு நான் என்ன பண்ண? கம்ப்ரசர நானா நிப்பாட்டுனேன்? ஆப்பரேட்டர் கஸ்பாரு, எங்க தெருப் பயதான், திருவிழா மறுநாள்லா, அக்கா வீட்டுக்குக் கறிச் சாப்பாட்டுக்குப் போயிருந்தான். போன மடியிலயே வச்சுக்கிட்டுத்தான் சாப்பிட்டிருக்கான். குளிரு போனா சூசை அண்ணாச்சி ரூம்லேருந்து போன் வந்துரும்லான்னு இருந்திருக்கான். போன் வரல.

திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு திரேஸ்புரத்துக்காரங்க கேட்ட ஒடைக்காத கொறை. இருபத்தெட்டு டன்னு இறால். தண்ணி கதவுக்கு அடியில வழிஞ்சு ரோட்டுக்கு வந்துட்டு. அந்த நாத்தம் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், நீங்களும் கடக்கரைதான். உரிக்குத பொம்பளையள் அறுவது பேரு வாசல்ல நிக்காவ, வேலை இல்லைன்னு சொல்லியாச்சு. ஒரு மாசம் கிட்டங்கியக் கழுவுனாவ.

மீட்டிங் அதே ஹால்லதான் நடந்துது. ஆனா நான் தயார் பண்ணி வச்ச வரியச் சொல்ல எடமே இல்ல. ஜி.எம். கத்துதாவ, கப்பல்காரன் போன்ல கத்துதான். என்னைய ஏன்னு கேட்டாவ. நான் நோட்ட மேஜை மேல வச்சு, "நோட்டுல சரியாத்தான் சார் இருக்கு"ன்னேன். அந்த அழிஞ்ச வால விரல வச்சுக் காட்டுனேன், அவிய கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாவ. "பு நாப்பத்தொண்ணு. சரியாத்தானம்மா இருக்கு? இவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"ன்னு அவகிட்டத் திரும்புனாவ.

அவ என்னையப் பாத்தா பாய். சும்மா ஒரு நொடி இல்ல. நல்லாப் பாத்தா. என் கையெழுத்துப் போட்ட தாளு இருக்குலா அவகிட்ட? அத எடுத்து நீட்டுனான்னா கஸ்பாருக்கு முன்னால நான் வீட்டுக்குப் போவேன். மவ கல்யாணம், ஊருல பேரு, எல்லாம் போச்சு.

அவ சொல்லுதா, "நான் தப்பா படிச்சுட்டேன் சார். அவர் குடுத்த நோட் சரிதான்." அவ்வளவுதான். கேட்டேன்னும் சொல்லல, தாளையும் காட்டல. ஏன்னு கேளுங்க. தொலைச்சிருப்பா! முக்கியமான தாள எங்கயாவது போட்டிருப்பா. இவதான் ஆர்க்கிடெக்ட்.

தலை குனிஞ்சு நின்னா. நான் ஆசைப்பட்ட மாதிரியே, அதே ஹால், அதே ஆளுக. சுடலைமுத்து சிரிக்கல. ஒருத்தனும் சிரிக்கல. அது ஒரு கொறைதான். ஆனா ஜெயிச்சது யாரு? நான்தான்.

அந்த வாரமே எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டா. போறதுக்கு முன்னால இந்த வாசல்ல வந்து நின்னா. "சார், ரூமை பாத்துக்கோங்க"ன்னா. நான் ஸ்க்ரீன விட்டுத் தலைய எடுக்கல. போய்ட்டா. கஸ்பாரையும் அனுப்பிட்டாவ. தெருவுல என்னையப் பாத்தா ஒதுங்கிப் போறான், அண்ணாச்சி பேரக் கெடுத்துட்டோம்னு வெக்கப்படுதான் போல. நல்ல பய.

வீட்டுல ஜெபமணி அன்னையிலேருந்து இறாலே வாங்கல. நாத்தம் மூக்கை விட்டுப் போவலையாம். நான் ஒரு நாளு அவகிட்ட மட்டும் பாதிய சொன்னேன். "அந்தப் பிள்ளை உங்ககிட்ட வந்து கேட்டுதுலா, ஒரு எழுத்துச் சொன்னா என்ன"ன்னா. பெறவு அதப் பத்திப் பேசுததே இல்ல. பொம்பளைக்குப் பொம்பளை பரிஞ்சுக்கிட்டுத்தான் வருவாவ.

அடுத்த மாசம் ஜி.எம். கூப்பிட்டாவ. இந்த ரூம் வேணும் வேணும்னு நின்னது அந்தப் பொண்ணு ஒருத்திதான் சூசை, அவளே போயாச்சு, இனி என்னத்துக்கு? கிட்டங்கிப் பெட்டியள நேரா பம்பாய்க்கும் ஹைதராபாத்துக்கும் கோத்துருவோம்னாவ. கோத்துட்டாவ. அங்கேருந்தே போன் அடிக்கு, இந்தியில. ஆப்பரேட்டர் பயலுவளுக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்கு.

எனக்கா? எனக்கு ஒரு கொறையும் வைக்கல. கேட்டுல லாரி எடை மேடை இருக்குலா, அந்த ஆபீஸ்ல தனி மேஜை, தனி ஃபேன். ரிட்டையர் ஆக மூணு வருசம், அங்கன உக்காந்து சீட்டு எழுதணும். இன்னைக்கு உங்க வண்டிதான் மொத வண்டி. இந்த ரூம் எத்தனை கிலோன்னு நான்தான் எழுதப் போறேன்.

என்ன சத்தம்? டிராயரா? வந்துட்டா? நான்தான் சொன்னேன்லா, நெம்புனா வந்துரும்னு. உள்ள என்ன இருக்கு? குப்பைதான் வச்சிருப்பா.

என்னது, தாள்ல சுத்தி இருக்கு? கொண்டாங்க பாப்போம். கனமா இருக்கே.

இந்தச் சுத்தியிருக்க தாளு... பொறுங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். திரேஸ்புரம், நாப்பத்தொண்ணு, பதினாலு. சரி பார்த்தேன். மரியசூசை. என் கையெழுத்து பாய்.

தொலைக்கலையே.

பத்திரமா மடிச்சு, பூட்டி வச்சிட்டு, சாவியத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. காட்டியிருக்கலாம்லா அவ? அன்னைக்கு இந்த டிராயர்லதான் இருந்திருக்கு. எறங்கி வந்து எடுக்க ரெண்டு நிமிசம்கூட ஆயிருக்காது.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? இல்ல, வேண்டாம். உள்ள என்னன்னு பாப்போம். பலகை. கதவுல மாட்டுத பேருப் பலகை. நல்ல பிளாஸ்டிக்ல, எழுத்து தூக்கலா, தமிழ்ல அடிச்சிருக்கா. 'கட்டுப்பாட்டு அறை.' கீழ, 'பொறுப்பு: சூசை...' நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணாடி ஆவியடிச்சிட்டு. பின்னால கடைக்காரன் சீட்டு ஒட்டியிருக்கான் பாருங்க, தேதி என்ன போட்டிருக்கு? ஜூலை இருபத்தெட்டா? திருவிழாவுக்கு முன்னாலயா?

யாருகிட்டயோ கேட்டிருக்கா. எல்லாரும் எதுக்குச் சிரிக்காவன்னு யாருகிட்டயோ கேட்டிருக்கா.

ஆனா இதப் பாத்தியளா? இங்கன, இந்த எழுத்து. 'அன்ணாச்சி'ன்னு போட்டிருக்கா. மொத எழுத்துக்கு அடுத்து ரெண்டு சுழி போட்டு, அதுக்கு அடுத்ததுல மூணு சுழி சரியாப் போட்டிருக்கா. ரெண்டுலயும் மூணு சுழி வரணும்லா? கூறுகெட்டவ. இத மாட்டியிருந்தா சுடலைமுத்து இதுக்கும் மேஜையத் தட்டியிருப்பான். படிக்கத் தெரியாட்டா எழுதிக் குடுக்கதுக்கு முன்னால ஒரு ஆளுகிட்டக் காட்ட வேண்டாமா? நான் இங்கனதானே இருந்தேன், நாலடி தூரத்துல.

இல்ல பாய், இத எடையில சேக்காதீய. இது இரும்பு இல்ல, உங்களுக்கு எதுக்கும் ஆவாது. எடை மேடை ஆபீஸ்ல ஆணி ஒண்ணு சும்மாதான் இருக்கு.

அந்த மார்க்கர இப்படிக் குடுங்க. ஒரு சுழிதான் கொறையுது. சொல்லியிருந்தா அவளே போட்டிருப்பா.